ஆரஞ்சுப் பூனைப்படையின் தலைவன்

அக்டோபர் 25, சனி

உலக மக்கள் அனைவருக்கும் மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவிப்பது: இன்று மாலை முடிச்சூர் பக்கம் லட்சுமி நகரில், எதிர்வீட்டு விமலா ஆன்ட்டியின் இடது செருப்பு காணாமல் போனது. வலது செருப்பு நலமாக உள்ளது. விசாரணை நடக்கிறது. இதுவரை யாரும் கைது செய்யப்படவில்லை. காரணம், குற்றவாளி எங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்து அதைத் தின்றுகொண்டிருக்கிறார்.

குற்றவாளியின் பெயர் கலெக்டர். தெருவில் உள்ள செருப்பையெல்லாம் கலெக்ட் செய்வதால் அந்தப் பதவி கிடைத்தது. மழை வந்தால் மாவட்டத்துக் கலெக்டர் லீவு விடுவார், எங்கள் கலெக்டர் ஊளை விடுவார். இவரால் எனக்கு ஒருநாளும் பள்ளி மூடியதில்லை.

வீட்டில் இன்னொரு ஜீவன் கேசரி. ஆரஞ்சு நிறப் பூனை, நெற்றியில் முந்திரி வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. கேசரி என்றால் சிங்கம் என்று தமிழய்யா சொன்னார். எங்கள் சிங்கம் நேற்று ஒரு பல்லியைப் பார்த்து ஃப்ரிட்ஜ் மேல் ஏறிக்கொண்டது.

என் பெயர் முகிலன். பத்தாம் வகுப்பு. முகில் என்றால் மேகமாம். அதனால் மழை பெய்தால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

இன்று முறைத்தார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

எங்கள் லட்சுமி நகர் பேருக்குத்தான் நகர். தண்ணீர் வந்துவிட்டால் லேசில் நகராது. அதனால் வானம் கறுத்தாலே இங்கே எல்லோரும் காரையும் பைக்கையும் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். இன்று காலை அப்பாவும் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வந்ததும் அக்கா நிறைமதி ஆரம்பித்தாள். கல்லூரி இரண்டாம் வருடம். வாயில் மட்டும் பி.எச்டி.

"ஏம்ப்பா, ஸ்கூட்டருக்கு மேம்பாலம் இருக்கு. கேசரிக்கும் கலெக்டருக்கும் என்னப்பா இருக்கு?"

"மொட்டை மாடி இருக்குல்ல."

"அங்கதான போன வெள்ளத்துக்கு பூந்திய விட்டுட்டுப் போனோம்?"

பூந்தி எங்கள் பழைய பூனை. ஒரு தட்டு தயிர்சாதத்தோடு மாடியில் விட்டுவிட்டு அத்தை வீட்டுக்குப் போனோம். திரும்பி வந்தபோது தட்டு இருந்தது.

இதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை. இது ஜாலியான டைரி.

அப்பா கொஞ்ச நேரம் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு சொன்னார்: "சரி. ஒரே கண்டிஷன். தண்ணி வந்தா லோடு வண்டி துரைக்கண்ணு குட்டி யானைய எடுத்துட்டு வருவான். நான் வீட்டைப் பூட்டுறப்ப ரெண்டும் வண்டில இருக்கணும். உங்கம்மா, நீங்க ரெண்டு பேரு, நான், நாலு பேரோட உயிர் எனக்கு முக்கியம். பூனையத் தேடிக்கிட்டு நான் நிக்க மாட்டேன்."

"பொறுப்பை நான் ஏற்கிறேன்!" என்று நான் கையைத் தூக்கினேன்.

"நீயா?" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லில் என் வாழ்க்கை வரலாறே இருந்தது.

அக்டோபர் 29, புதன்

அவசரப் பை தயார்! அவசரப் பையைத் தயாரிப்பவன் அவசரப் பையன். (இதை அக்காவிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். பொறாமை.)

பைக்குள்: கலெக்டரின் கயிறு, ரெண்டு பேரின் தடுப்பூசி அட்டை பிளாஸ்டிக் கவரில், பழைய துண்டு, தண்ணீர் பாட்டில், கிண்ணம், பழைய செய்தித்தாள், மணல் ஒரு பொட்டலம். கலெக்டரின் கழுத்துப் பட்டையில் அப்பாவின் போன் நம்பரை அழியாத மையில் எழுதினேன். கேசரியைத் தூக்கிவைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். தொலைந்தால் இது எங்கள் பூனைதான் என்று காட்ட வேண்டுமாம். போட்டோவில் கேசரி அழகாக இருக்கிறது. நான் கொட்டாவி விடுகிறேன். யாராவது இதைப் பார்த்தால் என்னைத்தான் தொலைந்தவன் என்று நினைப்பார்கள்.

அக்கா அத்தைக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பூனையா? சரிடி, பால்கனில இருந்துட்டுப் போகட்டும்."

"நாயும் இருக்கு அத்தை."

"அதுவும் பால்கனிலயா? அப்ப நாங்க எங்கடி நின்னு துணி காயப்போடுறது?"

அனுமதி கிடைத்துவிட்டது!

நவம்பர் 2, ஞாயிறு

வரலாற்றுச் சாதனை! உலகத்தில் பூனையைக் கூப்பிட்டு வரவழைத்தவன் எவனும் இல்லை என்பார்கள். நான் வரவழைத்தேன்.

முறை மிக எளிது. அம்மாவின் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் எடுத்து ஒரு தகர டப்பாவில் போட வேண்டும். 'சலக் சலக்' என்று ஆட்ட வேண்டும். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையைத் திறந்து வைத்து, அதற்குள் ஒரு நெத்திலி. மூன்று நாளாக இதே பயிற்சி. இன்று நான் கூடத்தில் டப்பாவை ஆட்டினேன். சமையலறையிலிருந்து ஆரஞ்சு மின்னல் ஒன்று பாய்ந்து வந்து நேராகக் கூடைக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்தது!

அப்பாவே செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். "பரவால்லடா," என்றார். அப்பாவின் அகராதியில் அது பாரத ரத்னா.

கலெக்டருக்குப் பயிற்சி தேவையில்லை. "வண்டி" என்று சொன்னாலே வாசலில் நிற்கிறது. வாயில் ஒரு செருப்போடு.

நாட்டுக்குக் கருப்புப் பூனைப்படை இருக்கிறது. லட்சுமி நகருக்கு இனி ஆரஞ்சுப் பூனைப்படை. தலைவன் நான்.

நவம்பர் 5, புதன்

அம்மா கருவாட்டுப் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பொட்டலம்தான் இருந்தது, கருவாடு இல்லை.

நவம்பர் 8, சனி

இன்று ஜோயலும் வகுப்புப் பசங்க நாலு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். பூனைப்படையின் சிறப்புக் காட்சி. ஏகப்பட்ட கைத்தட்டல். ஜோயல் தரையில் உருண்டு சிரித்தான். "டேய், இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டதால் மீண்டும் மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. கலைஞனின் வாழ்க்கை அப்படித்தான்.

அக்கா ட்யூஷன் எடுக்கப் போயிருந்தாள். அம்மா கடைக்கு. காட்சியின் முழு விவரம் ராணுவ ரகசியம்.

நவம்பர் 9, ஞாயிறு

அக்கா டப்பாவை ஆட்டினாள். கேசரி வரவில்லை.

"என்னடா ஆச்சு இதுக்கு?"

"மாலை போட்டிருக்குமோ? அசைவம் வேணாம்னு?"

"கார்த்திகை இன்னும் பொறக்கவே இல்லடா."

"அட்வான்ஸா போட்டிருக்கும். ரொம்ப பக்தி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் தானாகக் கணக்குப் போட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் வரும் என்பதை மறந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

ஒத்திகை ஒத்திவைக்கப்பட்டது. தொழில்நுட்பக் காரணங்கள்.

நவம்பர் 17, திங்கள்

லீவு! லீவு! லீவு! மாவட்டக் கலெக்டர் வாழ்க! எங்கள் கலெக்டரும் வாழ்க, காலையிலிருந்து ஊளை.

இரவெல்லாம் மழை. தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர். விமலா ஆன்ட்டி வீட்டில் எல்லோரும் சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றுகிறார்கள். நாங்களும் ஏற்றினோம். ஃப்ரிட்ஜுக்கு அடியில் நாலு செங்கல், வாஷிங் மெஷினுக்கு நாலு. அப்பா துரைக்கண்ணு அண்ணனிடம் பேசிவிட்டார். ஏரி திறந்தால் போன் வருமாம். அடுத்த பத்தாவது நிமிடம் குட்டி யானை வாசலில் நிற்குமாம். நாயையும் பூனையையும் காப்பாற்ற யானை வருகிறது. காடே எங்கள் பக்கம்!

அவசரப் பை கதவோரம் தயார். கூடை தயார். கலெக்டர் தயார், ரெண்டு செருப்போடு.

கேசரியைக் கூடை அருகே கொண்டுபோனேன். என் கையைக் கீறிவிட்டுப் பரணைப் பார்த்தது. நாளைக்குச் சரியாகிவிடும். பூனைகளுக்கு ஞாபகசக்தி குறைவு என்று எங்கேயோ படித்திருக்கிறேன். எங்கே என்று ஞாபகமில்லை.

நவம்பர் 18, செவ்வாய். அத்தை வீடு, குரோம்பேட்டை.

வெற்றி! வெற்றி! எல்லோரும் பத்திரம்! கை வலிக்க வலிக்க எழுதுகிறேன்.

காலையில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள், ஏரித் தண்ணீர் வருகிறது என்று. குட்டி யானை வந்தது. கலெக்டர் ராஜநடை நடந்து ஏறினார். ஆனால் கேசரி? காணவில்லை! டப்பாவை ஆட்டினோம். இல்லை. மீண்டும் ஆட்டினோம். இல்லவே இல்லை! தண்ணீர் ஏறுகிறது. துரைக்கண்ணு அண்ணன் ஹாரன் அடிக்கிறார். அம்மா அழுகிறாள். அப்பா கையில் பூட்டு.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பூனையின் மனநிலையை நொடியில் ஆராய்ந்தேன். "டப்பாவை ஆட்டாதீர்கள்!" என்று கட்டளையிட்டேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நீந்தாத குறையாக உள்ளே போய், பரண் மேல் கொலு பொம்மைப் பெட்டிக்குள் பதுங்கியிருந்த கேசரியைக் கண்டுபிடித்து, நெஞ்சோடு அணைத்து வெளியே கொண்டுவந்தேன். ஒரு கீறல்கூட இல்லை! தெருவே பார்த்தது!

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தியைப் போட்டேன். தீ பறக்கிறது. ஜோயல் எனக்கு 'பூனைமறவன்' என்று பட்டம் கொடுத்திருக்கிறான். (சொற்குற்றம் இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.)

நவம்பர் 19, புதன்

மழை விடவில்லை. அத்தை வீட்டு பால்கனியில் கலெக்டர். கூடத்தில் கேசரி. "பால்கனிலதான்னு சொன்னேன்ல" என்று அத்தை சொன்னார். சொல்லிவிட்டு அதற்குப் பால் ஊற்றினார்.

அப்பாவைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போடவைத்து வந்தாள் அம்மா. நெஞ்சிலும் கையிலும் நீளநீளமாகக் கீறல். மருந்து வைத்தபோது அப்பா 'ஸ்ஸ்' என்று மட்டும் சொன்னார்.

எங்கேயோ முள்ளில் மாட்டியிருப்பார்.

நவம்பர் 20, வியாழன்

வகுப்புக் குழுவிலிருந்து என் புகழ் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. பி.டி. சார் எனக்கே நேரடியாக அனுப்பியிருக்கிறார்: "சபாஷ் முகிலா. பள்ளி திறந்ததும் காலை வணக்கத்தில் அஞ்சு நிமிஷம் பேசு. வளர்ப்புப் பிராணிகளை எப்படிப் பேரிடருக்குத் தயார் செய்வது என்று."

அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பேசேன். நல்லாப் பேசு," என்றாள்.

அப்பா சோபாவில் படுத்திருந்தார். அவர் வயிற்றின் மேல் கேசரி தூங்கிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போனேன். கேசரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எழுந்து சோபாவுக்குப் பின்னால் போய்விட்டது.

"தூங்கிட்டு இருந்துச்சுடா," என்றார் அப்பா.

உரை எழுத உட்கார்ந்தேன். 'மாண்புமிகு தலைமையாசிரியர் அவர்களே' வரைக்கும் நன்றாக வந்தது.

நவம்பர் 22, சனி

உரை வரவில்லை. வேறு ஒன்றை எழுதுகிறேன்.

அம்மா புதிதாக வாங்கிய கருவாட்டைப் பூட்டி வைத்த பிறகு டப்பா காலியாகிவிட்டது. ஜோயலும் மற்றவர்களும் வருகிறார்களே, சத்தம் வேண்டுமே என்று, பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து பொடி ஜல்லி எடுத்துப் போட்டேன். அதே 'சலக் சலக்'. கேசரி ஓடி வந்து கூடைக்குள் உட்கார்ந்தது. நெத்திலி இல்லை. மூடியைச் சாத்தினேன். "ராட்டினம்!" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிச் சுற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள். இறக்கிவிட்டேன். மறுபடி ஆட்டினேன். மறுபடி வந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு தடவையும் இந்த முறை நெத்திலி இருக்கும் என்று நம்பி வந்தது. கடைசியில் வருவதை நிறுத்தும் வரைக்கும் சுற்றினேன்.

இதுதான் ராணுவ ரகசியம்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இப்படி. முதலில் நான் டப்பாவை ஆட்டினேன். பிறகு அக்கா பிடுங்கி ஆட்டினாள். பிறகு அம்மா. ஒவ்வொருவரும் முன்னதைவிடப் பலமாக. எனக்குத் தெரியும், ஒவ்வொரு ஆட்டுக்கும் அது இன்னும் உள்ளே போய்ப் பதுங்குகிறது என்று. தெரிந்தும் பேசாமல் நின்றேன். அக்கா முன்னால் சொன்னால் சாகும்வரை சொல்லிக் காட்டுவாள் என்பதுதான் எனக்கு அப்போது பெரிய கவலை. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

"நேரமாச்சு," என்றார் அப்பா. சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் தயிர்சாதம் போட்டு எடுத்துக்கொண்டு மாடிப்படி பக்கம் நடந்தார். தட்டு அவர் கையில் நிற்கவில்லை. சோறு படியிலெல்லாம் சிந்தியது.

அப்போதுதான் கத்தினேன். கட்டளையெல்லாம் இல்லை. அழுகை.

"டப்பாவ ஆட்டாதீங்க! அதுல கருவாடே இல்ல, கல்லு! நான்தான் போட்டேன்! கூடைல போட்டு சுத்துனேன், அதான் பயந்து பரண்ல ஒளிஞ்சிருக்கு!"

தெருவே கேட்டது. அது மட்டும் உண்மை.

அக்கா வாயைத் திறந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். டப்பாவை வாங்கி ஜல்லியை வாசல் தண்ணீரில் கொட்டினார். தட்டைக் கீழே வைத்தார். கைலியை மடித்துக் கட்டினார். "எல்லாரும் வண்டில ஏறுங்க," என்றார்.

"நீங்க?" என்றாள் அம்மா.

"வரேன் போ."

துரைக்கண்ணு அண்ணன், "சார், ரோடு மூழ்கிடும் சார்! பூனைக்காகவா சார்?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அக்கா பொறுக்காமல் திரும்பிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். அப்பா அதைக் கூப்பிடவில்லை, தேடவில்லை. பரணுக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, முழங்கால் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தாராம். சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டு. பூனையைத் தேடி நிற்க மாட்டேன் என்று சொன்னவர்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு வருடம். வெளியே வந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சு வால் தொங்கியது. சட்டையில் ரத்தம். "வண்டிய எடு," என்றார். வீட்டைப் பூட்டவே மறந்துவிட்டார். அம்மாதான் இறங்கிப் போய்ப் பூட்டினாள்.

இன்று காலை வகுப்புக் குழுவில் எழுதினேன்: "பூனையைக் காப்பாத்தினது எங்கப்பா. பூனையைக் கெடுத்தது நான். கூட சிரிச்சது நீங்க." பிறகு ஜோயல் கேட்டான்: "அப்ப நீ தண்ணில இறங்கினது?"

அதற்கு அங்கே பதில் போடவில்லை. இங்கே போடுகிறேன்.

இடுப்பளவு தண்ணீர் என்று எழுதினேன் அல்லவா? என் கால் நனையவே இல்லை. வாசலில் தண்ணீர்ப்பாம்பு ஒன்று நெளிவதைப் பார்த்துவிட்டேன். படியை விட்டு இறங்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். துரைக்கண்ணு அண்ணன்தான் என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். அவர் தோளிலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது விமலா ஆன்ட்டி வீட்டுத் தோட்டத்து ரப்பர் குழாய்.

கலெக்டர்கூட நடந்துதான் வந்தது.